முதலில் காது, பிறகு நாவு

(பொதுக்காலம் 23ஆம் ஞாயிறு, இரண்டாம் ஆண்டு, 8.9.2024. வானொலியில் வழங்கிய மறையுரை. வாசகங்கள்: எசா 35:4-7, யாக் 2:1-5, மாற் 7:31-37)



இன்று செப்டம்பர் 8. அன்னை மரியாவின் பிறப்பு விழா. உங்களில் பலருடைய ஆலயங்களில் அன்னையின் விழாத் திருப்பலியே இன்று நடைபெறலாம். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 அன்று ஏற்றிய கொடி இன்று இறங்குகிறது. இந்தப் பத்து நாளும் காவி உடுத்தி, கையில் ஒரு துணிப்பையோடு சாலை ஓரமாக நடந்துபோன மக்களை நாம் எல்லாரும் பார்த்திருப்போம். சென்னையிலிருந்து நடப்பவர்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். திரும்பி வந்தவர்களிடம், "என்னம்மா வேண்டிக்கிட்டீங்க?" என்று கேட்டால், சிலர் ஒரு பதில் சொல்வார்கள். "பெருசா ஒண்ணும் வேண்டிக்கல சாமி. மனசுல இருந்ததை எல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டேன். பாரம் இறங்கிடுச்சு."

நல்ல பதில்தான். ஆழமான விசுவாசம் இருக்கிற பதில். ஆனால் கொஞ்சம் நின்று யோசித்தால் நமக்கு உறுத்துகிறது. மனதில் இருப்பதைச் சொல்லி முடிக்க ஒருவர் 300 கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது என்றால், அவருடைய வீட்டில் கேட்க ஆள் இல்லையா? அடுத்த வீட்டில் இல்லையா? அன்பியத்தில் இல்லையா? பங்குத்தந்தையின் அறைவாசலில் அவர் எத்தனை முறை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருப்பார்?

இன்றைய நற்செய்தி காது கேளாத ஒருவரைப் பற்றியது. அவரைப் பற்றிச் சொல்வதற்குமுன், ஆண்டவர் வந்த வழியைப் பாருங்கள். அவர் தீர் பகுதியிலிருந்து புறப்பட்டு, சீதோன் வழியாக, தெக்கப்பொலி பகுதிக்குள் வந்து, கலிலேயக் கடலை அடைகிறார் என்று மாற்கு எழுதுகிறார். வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் இது விசித்திரமான வழி. கலிலேயக் கடல் தீர் நகருக்குத் தென்கிழக்கே இருக்கிறது. சீதோனோ தீர் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். திருச்சியில் இருந்து மதுரைக்குப் போகிறவர் பெரம்பலூர் வழியாகப் போனால் எப்படியோ அப்படி. மாற்குக்கு நிலவியல் தெரியாது என்று சில அறிஞர்கள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். குருமடத்தில் படித்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் தேர்வில் எழுதினோம். வயது ஏற ஏற வேறு மாதிரி தோன்றுகிறது. இயேசு ஊர் ஊராகச் சுற்றி நடந்தவர். குறுக்கு வழியில் போய் வேலையை முடித்துவிட்டு வருகிறவராக நற்செய்தி எங்குமே அவரைக் காட்டவில்லை.

அந்தச் சுற்று வழியில்தான் இந்த மனிதரைக் கொண்டுவருகிறார்கள். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் திக்கும். மாற்கு இங்கே பயன்படுத்தும் கிரேக்கச் சொல் அரிதான ஒன்று. எசாயா 35ஆம் அதிகாரத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அதே சொல் வருகிறது. முதல் வாசகத்தில் இறைவாக்கினர் சொன்ன அந்த நாள் வந்துவிட்டது என்று மாற்கு நமக்குக் காதோடு காதாகச் சொல்கிறார்.

கொண்டுவந்தவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று. இவர்மேல் கை வையும். ஒரு நிமிட வேலை. கூட்டமும் பார்க்கும், எல்லாருக்கும் திருப்தி. ஆண்டவர் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்திலிருந்து அவரைத் தனியே அழைத்துப் போகிறார். இதுவரை அந்த மனிதரை எல்லாரும் கூட்டமாகத்தான் நடத்தியிருப்பார்கள். பத்துப் பேர் சேர்ந்து இழுத்து வந்திருப்பார்கள், பத்துப் பேர் சேர்ந்து அவருக்காகப் பேசியிருப்பார்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்டிருக்க வழியில்லை. கேட்டாலும் அவர் காதில் விழாதே என்று விட்டிருப்பார்கள்.

தனியே போன பிறகு நடப்பதைக் கவனியுங்கள். தம் விரல்களை அவர் காதுகளில் வைக்கிறார். உமிழ்நீரால் அவர் நாவைத் தொடுகிறார். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார். பெருமூச்சு விடுகிறார். இதையெல்லாம் ஏதோ மந்திரச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். காது கேளாதவரிடம் வார்த்தையால் பேசி என்ன பயன்? தொட்டுத்தான் பேச வேண்டும். உன் காது, உன் நாவு, மேலே இருக்கிற தந்தை, உன் வேதனை எனக்கும் வேதனை. இவ்வளவையும் ஆண்டவர் அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிட்டார். பெருமூச்சைக்கூடக் கண்ணால் பார்க்க முடியும் அல்லவா? அதன் பிறகுதான் வாய் திறந்து ஒரு சொல் சொல்கிறார்: எப்பத்தா. திறக்கப்படு என்று பொருள். கிரேக்கத்தில் எழுதிய மாற்கு, இயேசு பேசிய அரமேய மொழிச் சொற்களில் சிலவற்றை மட்டும் அப்படியே விட்டுவைத்திருக்கிறார். இறந்த சிறுமியிடம் சொன்ன 'தலித்தா கூம்', கெத்சமனியில் சொன்ன 'அப்பா', சிலுவையில் கதறிய 'எலோயி'. அந்த வரிசையில் எப்பத்தாவும் ஒன்று. கேட்டவர்களின் நெஞ்சில் அந்த ஒலி அப்படித் தங்கிவிட்டது.

முதலில் காது திறந்தது. பிறகுதான் நாவு கட்டவிழ்ந்தது. பிள்ளை வளர்த்த தாய்மார்களுக்கு இந்த வரிசை தெரியும். கேட்டுக் கேட்டுத்தான் குழந்தை பேசக் கற்கிறது. திருமுழுக்குச் சடங்கிலும் இதே வரிசைதான். அருள்பணியாளர் குழந்தையின் காதைத் தொட்டு, பிறகு வாயைத் தொட்டு மன்றாடும் பகுதி ஒன்று உண்டு. நேரம் கருதி அதை விட்டுவிடும் இடங்களும் உண்டு. காது திறப்பதற்கு நேரம் இல்லாமல் போய்விடுகிறது!

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. குணமான பிறகு இயேசு அங்கிருந்தவர்களுக்கு இடும் கட்டளை, இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பது. அவர்களோ தடுக்கத் தடுக்க இன்னும் அதிகமாகப் பறைசாற்றினார்கள். காது கேளாதவருக்குக் கேட்டுவிட்டது. காது நன்றாக இருந்தவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

அன்பானவர்களே, தமிழில் 'கேள்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். வேண்டிக் கேட்பதும் கேட்பதுதான், செவிகொடுத்துக் கேட்பதும் கேட்பதுதான். "கடவுள்கிட்ட கேட்டேன்" என்று சொன்னால் நாம் எல்லாரும் உடனே முதல் பொருளைத்தான் எடுத்துக்கொள்கிறோம். வேலை கேட்டேன், பிள்ளைவரம் கேட்டேன், கடன் அடையக் கேட்டேன். கேட்பது தவறே இல்லை. கேளுங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தச் சொல்லின் இரண்டாவது பாதியை நம் செபத்திலிருந்து எப்போது தொலைத்தோம்?

ஆலயத்திலேயே பாருங்கள். அருள்பணியாளர்களாகிய நாங்கள் "மன்றாடுவோமாக" என்று கைவிரித்துச் சொல்கிறோம். அந்தச் சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மௌனம் இருக்க வேண்டும் என்று திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 45ஆம் எண்ணில் கூறுகின்றன. வாசகத்துக்குப் பின்னும் மறையுரைக்குப் பின்னும் நற்கருணை உண்ட பின்னும் மௌனம் வேண்டும் என்றும் கூறுகின்றன. நாங்களோ மூச்சு விடாமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் மௌனம் விழுந்தால் போதும், பாடகர் குழுவில் யாருக்காவது கை பரபரத்துவிடும், கீபோர்டில் ஒரு சுரம் எழும். மைக் வேலை செய்யவில்லையோ என்று மக்களும் திரும்பிப் பார்ப்பார்கள். குடும்பச் செபமாலையிலும் அதே கதை. ஒருவர் பாதி மந்திரத்தை முடிப்பதற்குள் மற்றவர்கள் மீதிப் பாதியைத் தொடங்கிவிடுகிறார்கள். மரியன்னை நடுவில் ஏதாவது சொல்ல நினைத்தாலும் இடம் கிடைக்காது.

இனி ஒரு முதல் வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு நடந்தது.

முதல் வெள்ளி, நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோகும் நாள் என்பது உங்களுக்குத் தெரியும். உபதேசியாரோடு இருசக்கர வண்டியில் காலை ஏழு மணிக்குக் கிளம்புவோம். அன்று 17 வீடுகள். பதினொரு மணிக்கு ஓர் அடக்கத் திருப்பலி வேறு. பத்தாவது வீட்டில் ஒரு பெரியவர். ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர். மூட்டுவலியால் ஆலயத்துக்கு வர முடியாதவர். நற்கருணை வாங்கினார், நன்றி செபம் சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, "சாமி, இன்னைக்கு ஒரு அஞ்சு நிமிஷம் உட்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்" என்றார்.

நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். கைக்கடிகாரத்தைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "அடுத்த மாசம் கண்டிப்பா உட்காரலாங்க ஐயா" என்று சொன்னோம். அவர் சிரித்தார். "சரி சாமி, போயிட்டு வாங்க. உங்களுக்கு இன்னும் எத்தனை ஸ்டாப்பிங் இருக்கோ" என்றார். உபதேசியாரும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். சிரித்தபடியே வண்டியை எடுத்தோம்.

மூன்று வாரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. அடுத்த முதல் வெள்ளியன்று போய் உட்கார்ந்தோம். சொன்னபடி உட்கார்ந்தோம், ஐந்து நிமிடம் இல்லை, முக்கால் மணி நேரம். அவருக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. கண்ணில் நீர் வந்தது. வாயைத் திறந்து என்னவோ சொல்ல முயன்றார். "ப... ப..." என்று ஓர் ஒலி மட்டும் வந்தது. மருமகள் பக்கத்தில் நின்று, "பணமா மாமா? பத்திரமா? பாலுவா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தலையை இல்லை என்று அசைத்தார். கடைசியில் களைத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த விஷயம் என்ன என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சின்ன விஷயமாக இருக்கலாம். யாரோடாவது சமாதானமாகப் போக வேண்டும் என்று நினைத்திருக்கலாம். பேருந்துக் காலத்து நினைவு ஒன்றைப் பகிர்ந்துகொள்ள ஆசைப்பட்டிருக்கலாம். தெரியாது. எங்களுக்கு ஐந்து நிமிடம் இருந்தது, அவருக்கு வாய் இருந்தது. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருந்தன.

நேரம் இல்லை என்பது பொய் அல்ல. அதிகாலை மூன்று மணிக்கு மீன் ஏலத்துக்குப் போகும் தாயிடம், இரண்டு ஷிப்ட் பார்க்கும் தகப்பனிடம், உட்கார்ந்து கேளுங்கள் என்று குளிர்ந்த அறையில் இருந்துகொண்டு அறிவுரை சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர்கள் களைப்பை ஆண்டவர் அறிவார். ஆனால் இன்றைய நற்செய்தி நிகழ்ச்சி முழுவதும் ஏழே வசனங்கள். ஆண்டவர் அந்த மனிதரோடு நாள் முழுக்க இருந்ததாக மாற்கு சொல்லவில்லை. இருந்த நேரத்தில் வேறெங்கும் இல்லாமல் இருந்தார். எங்களுக்கு அன்று குறைந்தது நேரம் மட்டும் என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. நற்கருணையைப் பதினேழு இடத்தில் கொடுத்து முடிப்பதுதான் பணி என்று மனதில் கணக்குப் போட்டிருந்தோம். அந்தக் கணக்கில் பெரியவரின் ஐந்து நிமிடத்துக்குப் பத்தி இல்லை.

யாருக்கு நேரம் ஒதுக்குகிறோம் என்ற கேள்வியை இன்றைய இரண்டாம் வாசகத்தில் புனித யாக்கோபு கேட்கிறார். பொன் மோதிரம் அணிந்தவர் வந்தால் நல்ல இருக்கை. அழுக்கு உடையோடு வரும் ஏழைக்கு, அங்கே நில், இல்லாவிட்டால் கால்மாட்டில் உட்கார். பங்கு அலுவலகங்களை நினைத்துப் பார்ப்போம். திருவிழாவுக்கு நன்கொடை தருபவர் வந்தால் நாற்காலி, விசிறி, தேநீர். அவர் சொல்லும் நீண்ட கதைக்கு நாம் தலையாட்டுகிறோம். திருப்பலிக் கருத்து எழுத வந்த கைம்பெண் கதவோரம் நிற்கிறார். பெயர், நாள், காணிக்கை, ரசீது. இறந்துபோனவர் எப்படி இறந்தார் என்று கேட்பதில்லை. தங்கள் ஊர்க் கல்லறையில், தங்கள் தெருவுக்கு வராத தேர்ப்பவனியில் நடக்கிற பாகுபாட்டைத் தலித் கிறித்தவர்கள் எத்தனை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்! இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மக்களின் ஆற்றல்படுத்தலுக்கென்று ஒரு கொள்கை ஏட்டையே வெளியிட்டது. ஏடு வந்தது நல்லது. ஆனால் எத்தனை பங்குப் பேரவைகளில் அதை ஒருமுறை வாசித்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரின் வாயால் அவர் கதையைக் கேட்டிருக்கிறோம்? 2021இல் தொடங்கிய கூட்டொருங்கியக்க மாமன்றத்துக்காகப் பங்குதோறும் மக்களின் குரலைக் கேட்டு எழுதி அனுப்பச் சொன்னார்கள். உண்மையாகவே வீடு வீடாகப் போய்க் கேட்ட பங்குகள் உண்டு, அவர்களை வணங்குகிறோம். ஒரே மாலையில் நான்கு பேர் உட்கார்ந்து படிவத்தை நிரப்பி அனுப்பிய பங்குகளும் உண்டு. யார் என்று சொல்லத் தேவையில்லை, அவரவருக்குத் தெரியும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டு உலக சமூகத் தொடர்பு நாளுக்கு எழுதிய செய்தியின் தலைப்பே இதயத்தின் காதால் கேட்பது பற்றியது. உள்ளக் காயங்களுக்கு மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம், மனிதர்களின் மிகப் பெரிய தேவை என்ன என்று கேட்டார்களாம். தாங்கள் சொல்வதை யாராவது கேட்க வேண்டும் என்ற எல்லையில்லாத ஏக்கம் என்று அவர் பதில் சொன்னதாகத் திருத்தந்தை அதில் குறிப்பிடுகிறார். அந்தத் திருத்தந்தைதான் 2024 செப்டம்பரில், 87 வயதில், இந்தோனேசியாவும் பப்புவா நியூ கினியும் சென்று மக்களைச் சந்தித்தார். பங்குத்தந்தையரின் பாதுகாவலரான புனித ஜான் மரிய வியான்னி, ஆர்ஸ் என்ற சிற்றூரில் ஒரு நாளில் 16 மணி நேரம் வரைகூட ஒப்புரவுத் தொட்டியில் உட்கார்ந்து கேட்டார் என்று படிக்கிறோம். அவர் நல்ல மறையுரையாளர் என்பதற்காக அந்த ஊருக்கு மக்கள் வண்டி கட்டிக்கொண்டு வரவில்லை.

2024 மே மாதம் கேரளத்தில் திரிச்சூரில் ஒரு குருத்துவத் திருநிலைப்பாடு நடந்தது. காது கேளாத, வாய் பேச இயலாத ஒருவர் திருச்சிலுவைச் சபையில் அருள்பணியாளரானார். நம் நாட்டில் அப்படி ஒருவர் குருவானது இதுவே முதல் முறை. அவர் சைகை மொழியில் திருப்பலி நிறைவேற்றுகிறார். காது கேளாத மக்கள் தங்கள் பாவங்களைச் சைகை மொழியில் அறிக்கையிட அவரிடம் வர முடியும். நடுவில் மொழிபெயர்க்க மூன்றாம் ஆள் வேண்டியதில்லை. அவர் கண்ணால் கேட்பார். நன்றாகக் காது கேட்கிற எங்களைப் போன்றவர்களைவிட அவர் கவனமாகக் கேட்பார் என்றே நினைக்கிறோம். கண்ணால் கேட்பவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்க முடியாது அல்லவா!

இறைவன் குரலைக் கேட்பது எப்படி என்று பலர் கேட்கிறீர்கள். தியானங்களில் இது எப்போதும் வரும் கேள்வி. சாமுவேலின் கதையைத்தான் நாங்கள் பதிலாகச் சொல்வோம். சிறுவன் சாமுவேல் சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருக்கிறான். ஆண்டவர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். அவன் எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். ஏலி முதியவர், கண் பார்வை மங்கியவர். நான் கூப்பிடவில்லை, போய்ப் படு என்கிறார். மறுபடியும் அழைப்பு, மறுபடியும் ஓட்டம். மூன்றாம் முறையும் அப்படியே. பிறகுதான் ஏலிக்குப் புரிகிறது, பையனை அழைப்பவர் ஆண்டவர் என்று.

இந்தக் கதையில் சாமுவேல் தவறாகப் புரிந்துகொண்டான் என்று நாம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் அந்தத் தவறு எவ்வளவு அழகான தவறு! இரவில் பெயர் சொல்லி ஒரு குரல் கேட்டால், பார்வை மங்கிய அந்தப் பெரியவருக்குத் தண்ணீர் வேண்டுமோ, துணைக்கு ஆள் வேண்டுமோ என்று எழுந்து ஓடும் பழக்கம் அவனுக்கு இருந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது, "சும்மா படுங்க தாத்தா, உங்களுக்கு வேற வேலை இல்ல" என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டிருந்தால் மூன்றாம் அழைப்பு என்ன ஆகியிருக்கும்? முதியவருக்காக எழுந்து எழுந்து பழகிய காதில்தான் ஆண்டவரின் குரல் விழுந்தது. அந்தக் குரல் ஆண்டவருடையது என்று சொல்லிக் கொடுக்கவும் அதே முதியவர்தான் தேவைப்பட்டார்.

ஆகவே இறைவனுக்கு ஒரு நேரம், மனிதருக்கு ஒரு நேரம் என்று நாளைக் கூறுபோடுவது எங்களுக்கு இப்போது அவ்வளவு சரியாகப் படவில்லை. அதிகாலை செபத்தில் நற்கருணைப் பேழைமுன் ஒரு மணி நேரம் அமைதியாக உட்காருகிறவர், காலை உணவின்போது மனைவி பேசப் பேசக் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தால், பேழைமுன் அவர் என்ன கேட்டார் என்று சந்தேகம் வருகிறது. இது அருள்பணியாளர்களாகிய எங்களுக்கும் பொருந்தும். எங்களுக்கு இன்னும் கூடுதலாகவே பொருந்தும். பேசுவதே எங்கள் தொழிலாகிவிட்டது. வாரத்துக்கு எத்தனை மறையுரை, எத்தனை மந்திரிப்பு, எத்தனை வாழ்த்துரை! கேட்பதற்கு எங்களுக்குப் பயிற்சி குறைவு.

அந்தப் பெரியவர் வீட்டுக்கு மறுபடியும் வருவோம். அந்த மாதத்துக்குப் பிறகு பதினேழு வீடுகளை இரண்டாகப் பிரித்துவிட்டோம். வியாழக்கிழமை சில வீடுகள், வெள்ளிக்கிழமை மீதி. தொடக்கத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் எங்களுக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை. அமைதி சங்கடமாக இருந்தது. எனவே ஊர்க்கதை பேசினோம், செபம் சொன்னோம், மறுபடியும் ஊர்க்கதை பேசினோம். அப்போதும் பேசிக்கொண்டே இருந்தோம், பாருங்கள்.

அவருக்கு ஒரு பேத்தி. நான்காம் வகுப்புப் படிக்கிறாள். ஒரு நாள் பள்ளி விடுமுறை, அவளும் வீட்டில் இருந்தாள். கட்டிலில் ஏறித் தாத்தாவின் பக்கத்தில் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். பள்ளியில் நடந்த ஏதோ சண்டைக் கதையைச் சொன்னாள். யார் யாருடைய பென்சிலை எடுத்தது, டீச்சர் யாரைத் திட்டினார், அப்புறம் என்ன ஆனது. பெரியவர் ஒவ்வொரு வரிக்கும் "உம்" என்றார். அந்த ஓர் ஒலி அவருக்கு நன்றாக வருகிறது. கதை சொல்லும் பிள்ளைக்கு உம் கொட்ட ஆள் வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ஏறத்தாழ கால் மணி நேரம் அந்த வீட்டில் கதையும் உம்மும் மட்டும்தான். நாங்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் கதையை முடித்ததும் அவருடைய வாயருகே காதை வைத்து, "இப்ப நீ சொல்லு தாத்தா" என்றாள். அவர் "ப... ப..." என்றார். அவள் மருமகளைப் போல யூகித்து யூகித்துக் கேட்கவில்லை. "உம்" என்றாள். அவர் மறுபடியும் ஏதோ சொன்னார். அவளும் மறுபடியும் "உம்" என்றாள்.

பக்கவாதம் வந்த பிறகு அவர் முகம் அவ்வளவு அமைதியாக இருந்ததை அன்றுதான் பார்த்தோம். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விஷயம் என்ன என்று அவளுக்கும் தெரியாது. அன்றுமுதல் நாங்களும் அந்த வீட்டில் அவ்வளவாகப் பேசுவதில்லை. நற்கருணை கொடுத்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறோம். அவர் இடது கையால் எங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். சில நாள் ஒலி வரும், சில நாள் வராது. நேற்று முன்தினம், செப்டம்பர் 6, முதல் வெள்ளி. அன்று வரவில்லை. இருபது நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். அடுத்தது அக்டோபர் 4.

அன்பு நேயர்களே, நமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் முடியப்போகிறது. வானொலியில் மௌனம் ஆகாது என்பார்கள். சத்தம் நின்றால் கருவி பழுதாகிவிட்டது என்று கேட்பவர்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவார்களாம். ஒலிப்பதிவு செய்யும் தம்பியிடம் கேட்டோம். அரை நிமிடம் என்றால் பரவாயில்லை என்று அனுமதித்திருக்கிறார். எனவே உங்கள் பெட்டி பழுதாகவில்லை, பயப்பட வேண்டாம். அடுத்த அரை நிமிடம் நாம் எதுவும் பேசப்போவதில்லை, எதுவும் வேண்டிக் கேட்கப்போவதில்லை. உங்களோடு வீட்டில் வேறு யாராவது இருந்தால் அவர் மூச்சு விடும் ஒலிகூட உங்களுக்குக் கேட்கலாம்.

(இங்கே அரை நிமிட மௌனம்.)

தந்தை, மகன், தூய ஆவியின் பெயராலே. ஆமென்.